அம்மாவுக்குப் பதில் நான் சொன்னது

அம்மாவுக்குக் கதிரையிலிருந்து எழும்புவது சிரமமாகிவிட்டது. இரண்டு கைகளையும் ஊன்றி ஒருமுறை முயன்று, உட்கார்ந்து, மறுபடி முயல்வார். இப்படியே போனால் படுக்கையில் விழுந்துவிடுவாரோ என்று பயந்துதான் கிளினிக்குக் கூட்டிப்போனேன்.

மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து என்னைப் படிக்க வைத்தவர் அம்மா. வேலையை விட்ட பிறகு கண்டியில் என்னோடு இருக்கிறார். நான் நீர்ப் பரிசோதனைக் கூடமொன்றில் வேலை செய்கிறேன். எதையும் வரிசையாக எழுதி, சரிபார்த்துப் பழகியவள். அம்மாவின் சாப்பாட்டையும் அப்படித்தான் ஒழுங்குபடுத்தியிருந்தேன்: காலையில் முட்டை, மதியம் மீன், இரவில் பருப்பும் பாலும். சாமான் வாங்கிப் போட்டதோடு என் வேலை முடிந்ததாக நினைத்துக்கொள்வேன்.

டொக்டர் ஒரு சிங்களப் பெண்மணி. அம்மாவின் சிங்களம் கடை வாசல் வரைக்கும்தான் போகும். மொழிபெயர்க்க நான் பக்கத்தில் அமர்ந்திருந்தேன். வலி எங்கே, தூக்கம் எப்படி என்பதையெல்லாம் அம்மாவிடம் கேட்டுச் சொன்னேன். தினமும் என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டபோது மட்டும் அம்மா பக்கம் திரும்பவே இல்லை. எனக்குத் தெரிந்ததுதானே என்று, காலையில் 'பித்தர' எனத் தொடங்கி, சிங்களத்தில் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனேன்.

அம்மா என் முழங்கையைத் தொட்டார்.

"பித்தரன்னா முட்டைதானே? நான் எங்க புள்ள முட்டை திங்கிறேன்?"

டொக்டர் எழுதுவதை நிறுத்தினார்.

"அப்ப அந்த முட்டை?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"ஒஞ் சோத்துப் பொட்டியிலதானே வைக்கிறேன். ரெண்டையும் நீதானே திங்கிற."

உண்மைதான். சோற்றுக்குள் இரண்டு முட்டைகள் இருப்பதைத் தினமும் பார்த்திருக்கிறேன். அம்மாவுக்கு வேறாக இருக்கும் என்று நினைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. நினைக்கவே இல்லை. மீனும் அப்படியே என் பெட்டிக்குத்தான் வந்திருக்கிறது. தோட்டத்து லய வீடுகளில் வேலைக்குப் போகிற ஆளுக்குத்தான் கறித்துண்டு. வீட்டில் இருப்பவர்களுக்குக் குழம்பு. கொழுந்து பறிக்க மலைக்குப் போன காலத்தில் அம்மாவும் அந்தத் துண்டைச் சாப்பிட்டவர்தான். தான் இப்போது வேலைக்குப் போவதில்லையே என்று டொக்டருக்கே விளங்கப்படுத்துவதைப் போலச் சொன்னார். காலையில் அவர் சாப்பிட்டது தேத்தண்ணீரில் தோய்த்த பாண் ரொட்டித் துண்டு.

இவ்வளவையும் நானே சிங்களத்தில் சொல்ல வேண்டியிருந்தது. வயதான உடம்பில் தசை தானாகவே குறையும், சும்மா இருக்கிற உடம்புதானே என்று முட்டையையும் மீனையும் குறைத்தால் கால்கள்தான் முதலில் தளரும் என்றார் டொக்டர். சாப்பாட்டோடு, கதிரையில் எழும்பி உட்காரும் பயிற்சியும் வேண்டுமாம். இம்முறை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன்.

அம்மா என் முகத்தையே பார்த்தார்.

"அவங்க சொன்னதா இது, இல்ல நீயா சேத்துச் சொல்றியா?"

அந்தக் கேள்வியையும் மொழிபெயர்த்தேன். டொக்டர் சிரிக்கவில்லை. அம்மாவின் கையைப் பிடித்து, தனக்குத் தெரிந்த தமிழில், முட்டை அம்மாவுக்கு, அம்மா சாப்பிட வேணும் என்றார். அம்மா உடனே தலையாட்டினார்.

மறுநாள் காலை என் எதிரே அமர்ந்து முட்டையைத் தின்றார். யாருடையதையோ எடுத்துத் தின்பவரைப் போலத் தலை நிமிரவில்லை.

"டொக்டரம்மா சொல்லிட்டாங்களே" என்றார், என்னிடம் மன்னிப்புக் கேட்கிற குரலில்.

நானும் நிமிரவில்லை.