வாய்தா வாங்கும் நாவலாசிரியர்

குற்றவாளி பிடிபடும் பக்கம் வந்ததும் பேனாவை மூடிவிட்டு எழுந்து போய்ச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார் வக்கீல். பால்கனியில் ஐந்து தொட்டிகள் உண்டு. அவற்றில் மூன்று, போன நாவலின் கடைசி அத்தியாயத்தின்போதே அழுகிவிட்டன.

"ஊத்துங்க, நல்லா ஊத்துங்க. கீழ்வீட்டு அம்மா குடை பிடிச்சுக்கிட்டுத்தான் துணி காயப்போடறாங்க," என்கிறார் உள்ளேயிருந்து அவர் மனைவி.

குற்ற வழக்குகளில் நல்ல பெயர் எடுத்தவர். தொழிலை விட்டபின் துப்பறியும் நாவல்கள் எழுதுகிறார். ரத்தம் கிடையாது, துரத்தல் கிடையாது. கொலை நடக்கும், ஆனால் அதற்காக யாரும் சாப்பாட்டைத் தள்ளிப்போட மாட்டார்கள். துப்பறிபவர் ஒரு தையல்காரம்மா. பொத்தான் தைத்திருக்கும் விதத்தை வைத்தே ஆள் எப்படிப்பட்டவர் என்று சொல்லிவிடுவார். வாசகர்கள் பஸ்ஸில் படித்துவிட்டுத் தனியாகச் சிரிக்கிறார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

நான் நீதிமன்ற ரெக்கார்டு அறையைப் பார்த்துக்கொண்டவன். அந்தப் பழக்கத்துக்காகவே கையெழுத்துப் பிரதியைச் சரிபார்க்க என்னிடம் தருகிறார். மூன்றாம் அத்தியாயத்தில் செத்தவர் ஏழாம் அத்தியாயத்தில் போனை எடுத்துப் பேசுகிறார். சுட்டிக்காட்டினேன்.

"என்ன ரெக்கார்டு, சாட்சிக்குள்ள சின்ன முரண்பாடு இருந்தாத்தான் நம்புவாங்க."

ரெக்கார்டு என்பது நான். "செத்தவர் சாட்சி இல்லையே சார்," என்றேன்.

"செத்தார்னு நிரூபிக்கணும்ல?"

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். வாழ்நாள் முழுவதும் கூண்டில் நிற்பவருக்காகவே பேசியவர். தாமே படைத்த கொலைகாரனையும் கைவிட அவருக்கு மனம் வருவதில்லை. அவனைக் 'கட்சிக்காரர்' என்றுதான் சொல்வார். போன நாவலில் தையல்காரம்மா பாவம், தெருத் தெருவாக அலைந்து ஆளைப் பிடித்தார். கடைசிப் பக்கத்தில் சந்தேகத்தின் பலனைக் கொடுத்து எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவைத்தார் வக்கீல். வாசகர்கள் கொதித்துப் போனார்கள். ஒருவர் புத்தகத்தையே பதிப்பகத்துக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்.

பதிப்பாளரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். இந்த முறையும் குற்றவாளி இல்லையென்றால் புத்தகம் அச்சேறாது. இனி எழுதவும் வேண்டாம். இவரோ கெடு நெருங்கும்போதெல்லாம் போனில் வாய்தா கேட்கிறார். ஒருமுறை வயிற்றுவலி, ஒருமுறை கண்வலி. போன வாரம் பேனா ரிப்பேர்.

நடுங்குவது அவர் மனைவிதான். "அண்ணா, எப்படியாவது எழுத வச்சிருங்க. கதை நின்னுச்சுன்னா மனுஷன் என் பக்கம் திரும்பிடுவார். வக்கீல் வேலைய விட்ட புதுசுல, பால் பொங்கினதுக்கு என்னை நிக்க வச்சு விசாரிச்சார். 'அப்ப அடுப்புக்கும் உனக்கும் எவ்வளவு தூரம்?'னு கேக்கறார்ணா! எதிர்த்துப் பேசினா, 'ஆமாவா இல்லையான்னு மட்டும் சொல்லு'ங்கறார்."

நேற்றுப் பதிப்பாளரம்மா நேரிலேயே வந்து, மேஜைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"எழுதுங்க சார். கையோட வாங்கிட்டுப் போறேன்."

"ஒரு சின்ன வாய்தா..."

"கிடையாது."

எழுதினார். நிஜமாகவே எழுதினார். கதையில் செத்துப்போன குடியிருப்போர் சங்கச் செயலாளர் இறங்கி வரும் படியில் சோப்பைத் தடவி வைத்தது பேக்கரிக்காரம்மாதான். தாள் தாளாக வாங்கிப் பார்த்தேன். நேரம் பொருந்தியது, சாட்சிகள் பொருந்தினார்கள், செத்தவர் செத்தவராகவே இருந்தார். சமையலறை வாசலில் நின்ற அவர் மனைவி, "அப்பாடா," என்று சுவரில் சாய்ந்தார்.

இனி ஒரே ஒரு தாள்தான். தையல்காரம்மா எல்லாவற்றையும் எடுத்துச் சொல்லி முடித்துவிட்டார். பேக்கரிக்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு வாயைத் திறக்கிறார். பதிப்பாளரம்மா எழுந்து வந்து தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, அவர் எழுத எழுதவே சந்தோஷமாக வாசித்தார்: "'ஆமாங்க, நான்தான் அந்தப் படியில...'"

பேனா நின்றது. வக்கீல் தாளை நோக்கிக் குனிந்தார்.

"நீங்க ஒண்ணும் பேசாதீங்கம்மா," என்று பேக்கரிக்காரம்மாவிடம் தணிந்த குரலில் சொல்லிவிட்டு, மை காயாத அந்த வரியை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்.