வேகம் குறைத்துக் கேட்ட ரெக்கார்டு

எவரிஸ்தோ, லாரி ரேடியேட்டர்களின் ஓட்டையைப் பற்றவைத்து அடைக்கிறவன். ஞாயிற்றுக்கிழமையானால் மான்டெர்ரே நகரத்து மலைச்சரிவில் உள்ள தன் வீட்டு வாசலில் ஸ்பீக்கரை வைத்து கும்பியா ஆட்டப்பாட்டு போடுவான். அந்த மலையில் எந்தப் பாட்டையும் அதன் வேகத்தில் யாரும் கேட்பதில்லை. குறைத்து, இழுத்து, பாகு ஒழுகுகிற மாதிரி ஓடவிட்டால்தான் கால் ஆட வரும். அவன் ரெக்கார்டு பிளேயரும் இருபது வருஷமாக அப்படித்தான் ஓடுகிறது.

மகள் யாதிராவுக்கு ராக் இசைதான் எல்லாம். அம்மா ஒடிலியா சாகும் முன் ஆஸ்பத்திரியில் கிடந்த ஏழு மாதத்தை ஒன்பது பாட்டாக்கி, தன் குழுவோடு ரெக்கார்டு போட்டாள். உறை முழுக்கக் கறுப்பு. அதில் ஒன்றை அப்பா கையில் கொடுத்தாள்.

"ஒரு தடவை முழுசாக் கேளுப்பா. அது போதும்."

அலமாரிமேல் வைத்தவன் மூன்று மாதம் தொடவில்லை. அவளும் வருவதைக் குறைத்துக்கொண்டாள்.

அந்த ஞாயிறு மதியம் ரொட்டிப் பொட்டலத்தோடு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். ஓடிக்கொண்டிருந்தது அவள் ரெக்கார்டு. கும்பியா வேகத்தில்.

பக்கத்து வீட்டு குகோ எட்டிப் பார்த்தான். "காலையிலேர்ந்து உங்கப்பன் இதையே அரைக்கிறான். சாவு வீடுன்னு நெனச்சு நான் நல்ல சட்டையெல்லாம் மாட்டிட்டு வந்தேன்."

"வேகம் தப்புப்பா. ரெண்டு வருஷ உழைப்பு. கெடுத்து வச்சிருக்க."

"சும்மா உக்காரு. இந்த எடத்தக் கேளு."

அவள் குரல்தான். ஆனால் தாழ்ந்து, தடித்து, அடுப்படியிலிருந்து ஒடிலியா கூப்பிடுகிற குரலாக வந்தது. யாதிரா பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நாலாவது தடவை ஓடுது. உங்கம்மா இருக்காடி இதுல."

"நானும்தான் இருக்கேன். என்னை நீ இன்னும் கேக்கவே இல்லியே."

எவரிஸ்தோ பிளேயர் பக்கத்தில் போனான். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, வேகத்தைக் கூட்டி, முதலிலிருந்து போட்டுவிட்டு உட்கார்ந்தான். பாட்டிலிருந்து ஒடிலியா போய்விட்டாள். தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுகிற மாதிரி டிரம் இறங்கியது. முகத்தைச் சுளித்தான். ஆனால் எழுந்து போகவில்லை. இழுவையில் பிடிபடாத வார்த்தைகள் இப்போது காதில் விழுந்தன.

ஐந்தாவது பாட்டில் தலையைத் தூக்கினான்.

"ஆஸ்பத்திரி வராந்தாவுல அட்டைமேல படுத்திருக்கிறவன் யாரு, நானா?"

"வேற யாரு."

"நீ பாத்தியா?"

"தெனமும் பாத்தேன். போர்வை போத்திவிட்டதும் நான்தான்."

"நர்சுன்னுல்ல நெனச்சேன்."

அந்தப் பக்கம் முடிந்து முள் சும்மா தேய்ந்துகொண்டிருந்தது. இருவரும் எழவில்லை.

"பின்பக்கம் இன்னும் கனமா இருக்கும்பா."

"தெரியும். உன் வேகத்துலயே போடு."