அஜந்தினி தயாரித்த பிழைகள்

“அன்ரி, அதைத் துடையாதேங்கோ! அந்தக் கறை எனக்கு வேணும்!”

குசினி மேசையில் கிடந்த படத்தின் மேல் தேத்தண்ணி பட்டிருக்கிறதே என்று துணியோடு போன என்னைப் பார்த்து அஜந்தினி இப்படிச் சீறினாள். அது கைதவறிப் பட்ட கறை இல்லை. கோப்பையின் அடியை நனைத்து, எங்கே வைத்தால் வட்டம் வடிவாக விழும் என்று தலையைச் சரித்துப் பார்த்து அவளே வைத்த கறை.

“உனக்கென்ன விசரே?” என்றேன்.

“விளங்காட்டிச் சும்மா இருங்கோ.”

என் மனுசன் போய்ச் சேர்ந்த பிறகு, டென்மார்க்கில் ஹேர்னிங் நகரத்து என் வீட்டில் ஓர் அறை வெறுமையாகக் கிடந்தது. அதில் வாடகைக்கு இருக்கிறாள். இந்த நாட்டிலேயே, டோஸ்ட்ருப்பில் பிறந்தவள், இருபத்தாறு வயது. ஆசிரியர் கல்லூரிக்கு ரெயிலில் போய் வருகிறாள். அதிலும் பிள்ளைகளுக்குச் சித்திரம் படிப்பிக்கப் போகிறாளாம். சித்திரத்துக்கு ஒரு படிப்பு, அதற்கு ஒரு சோதனை, அதில் பெயில் வேறு.

பெயிலுக்குக் காரணம் அவளுடைய துப்புரவு. சோற்றின் ஓரத்தில் குழம்பு படாமல் சாப்பிடுகிறவள் அவள். கலர்ப் பென்சில்களை உயரம் பார்த்து அடுக்குவாள். ஒரு கோடு கோணினால் அந்தத் தாளையே கிழித்துவிட்டு முதலில் இருந்து தொடங்குவாள். எல்லாம் தாய் தவமணி பழக்கிய பழக்கம். பிழைத்ததைப் பிறத்தியாருக்குக் காட்டக் கூடாது. எங்கள் சனத்தில் முக்கால்வாசி இதே சாதிதான். மகனுக்கு வேலை போனால், “லீவில நிக்கிறான்” என்பார்கள்.

கல்லூரியில் வருசம் முழுக்கக் கீறியதை எல்லாம் ஒரு கோப்பாகக் கட்டிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பெயர் போர்ட்போலியோ. இவள் ஜனவரியில் கலியாண அல்பம் மாதிரி ஒன்றைக் கொண்டுபோனாள். புள்ளி போட வெளியில் இருந்து வந்த டேனிஷ் மனுசி, கழுத்தில் மரக்குண்டு மாலை, ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு, “நீ எங்கே வழி தவறினாய்?” என்று கேட்டாளாம். “நான் தவறவேயில்லை” என்றாளாம் இவள், பெருமையாக. கதை முடிந்தது. படம் வந்து சேர்ந்த பாதைக்குத்தான் அங்கே புள்ளியாம். தடுமாற்றம் தெரிய வேண்டுமாம், சந்தேகம் தெரிய வேண்டுமாம். படம் என்ன படம் என்று பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை.

ஜூனில் மறுசோதனை. அதிலும் விழுந்தால் ஓகஸ்ட்டில் தருவதாக ஒரு பள்ளிக்கூடம் சொன்ன வேலை போய்விடும். பழையபடி முதியோர் இல்லத்தில் கட்டில் விரிக்கத்தான் போக வேண்டும். ஆகவே என் குசினியில் பிழை உற்பத்தி தொடங்கியது.

முதலில் படத்தைத் திறமாகக் கீறி முடிப்பாள். பிறகு, அதற்கு முந்தி கீறியதாகக் காட்ட வேண்டிய கோணல் படங்களை இடக்கையால் கீறுவாள். சிலதைக் கசக்கி, பிறகு கசங்கலை ஸ்திரிக்கைப்பெட்டியால் அளவாக எடுப்பாள். முழுக்க எடுபட்டாலும் பிழையாம். ஒவ்வொன்றின் கீழும் டேனிஷில் ஒரு கவலையை எழுதுவாள். கவலை தீர்ந்துபோனால் என்னிடம் வருவாள்.

“அன்ரி, உங்களுக்கு வாழ்க்கையில எப்பவாவது சந்தேகம் வந்திருக்குதோ?”

“உனக்கு அறை குடுத்த நாளில இருந்து வந்திருக்கு.”

“பகிடி விடாதேங்கோ. நான் பாஸ் பண்ண வேணும்.”

“பாஸ் பண்ணிப்போட்டு பிள்ளையளுக்கு என்னத்தைப் படிப்பிக்கப் போறாய்? கறை வைக்கவோ?”

முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மே மாதம் குளிர் யக்கெற்றுகளை உள்ளே வைக்க அவளுடைய அலுமாரியைத் திறந்தேன். பின்னால் ஒரு துணிப்பை, உள்ளே கட்டுக் கட்டாகப் படங்கள். எல்லாம் தவமணியின் முகம். ஒன்றில் மூக்குப் பெருத்துவிட்டது, ஒன்றில் கண் இறங்கிவிட்டது. சிலதில் அழித்து அழித்துத் தாளே ஓட்டையாகியிருந்தது. ஒன்றுகூடச் சரிவரவில்லை. ஏசுவதற்குத் திறக்கப் போகிற அந்த வாய் மட்டும் எல்லாவற்றிலும் அசல் தவமணி.

அவள் வந்ததும் பையைத் தூக்கிக் காட்டினேன்.

“எடியே, இவ்வளவு பிழை வீட்டுக்குள்ள கிடக்க ஏன் புதுசாச் செய்யிறாய்? இதைக் கொண்டுபோய்க் குடன்.”

பறித்தாள். காது வரை சிவந்துவிட்டாள்.

“இது உண்மையாப் பிழைச்சது அன்ரி! இதை ஆரும் காட்டுவினமோ?”

ஜூன் சோதனைக்கு அவள் கொண்டுபோனது குசினியில் தயாரித்த பிழைகளைத்தான். பன்னிரண்டு புள்ளி. இந்த நாட்டில் அதற்கு மேல் புள்ளி இல்லை. மரக்குண்டு மாலைக்காரி இடக்கைப் படங்களில் விரலை வைத்து, இவ்வளவு நேர்மையான போர்ட்போலியோவைத் தான் கண்டதில்லை என்றாளாம். சொல்லும்போது இவளுக்கு வெட்கம் வரும் என்று பார்த்தேன். எனக்கும் ஒரு துண்டு கேக் வெட்டித் தந்தாள்.

மறுநாள் கடையில் இருந்து ஒரு பெட்டியோடு வந்தாள். அறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே மா அரைக்கிறது போல ஒரு சத்தம். எட்டிப் பார்த்தேன். நிலத்தில் சம்மணம் கட்டி இருந்து, துணிப்பையில் இருந்து தாயின் முகங்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஓரம் சரிபார்த்து, தாள் நறுக்குகிற புது இயந்திரத்தின் வாய்க்குள் நேராக விட்டுக்கொண்டிருந்தாள். கீழே வெள்ளை வெள்ளையாக இடியப்பம் மாதிரி விழுந்தது.

“பாஸ் பண்ணியிட்டாய்தானே. இனியும் ஆருக்கடி பயம்?”

“இனித்தான் அன்ரி பயம். இப்ப நான் ரீச்சர்.”

விலைத்துண்டைக்கூட இன்னும் உரிக்கவில்லை. முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது குரோனர்.