தொண்டையில் நின்ற விலாங்குப் பாண்

மூன்று வருடங்களுக்கு முந்திய கோடைகாலம். ஒரு பழைய கார் பார்ப்பதற்காக நானும் மனைவியும் ஹோர்சன்ஸிலிருந்து சில்க்போர்க்கிற்குப் போயிருந்தோம். வரச்சொன்னவன் அன்று காலையே காரை வேறு ஆளுக்கு விற்றுவிட்டான். ஒரு போன் எடுத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்குக் கொதித்தது. பசியும் சேர்ந்துகொண்டது.

ஏரிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் புகையூட்டிய மீனும் இறைச்சியும் அடுக்கியிருந்தன. கடைக்காரி பருத்த பெண், சிரிக்காத முகம். இந்த ஏரிப் பக்கத்துச் சாப்பாடு என்று அவள் காட்டியது விலாங்கு மீன். பாண் என்று நாங்கள் சொல்கிற கறுத்த ரொட்டித் துண்டு, அதன்மேல் கிளறிய முட்டை, அதற்கும் மேல் புகையூட்டிய விலாங்கு. இத்தனை வருடம் இந்த டேனிஷ்காரர் நாட்டில் இருந்தும் நான் அதைச் சாப்பிட்டதில்லை. முதல் கடியிலேயே பிடித்துவிட்டது. நல்ல கொழுப்பு, நல்ல உப்பு.

கத்தியும் முள்ளுக்கரண்டியும் வைத்திருந்தாள். டேனிஷ்காரர் இதைச் சிறிது சிறிதாக வெட்டித்தான் சாப்பிடுவார்கள். "பாண் தின்னவும் கத்தியாம்" என்று மனைவிக்குச் சொல்லிவிட்டு, மிச்சத்தைக் கையால் எடுத்து ஒரேயடியாக வாய்க்குள் தள்ளினேன். கார்க்காரனைத் திட்டிக்கொண்டே விழுங்கினேன். அது இறங்கவில்லை.

இருமப் பார்த்தேன். இருமல் வரவில்லை. மூச்சு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. புரைக்கேறிவிட்டது என்று நினைத்த மனைவி என் உச்சந்தலையில் தட்டினாள்.

"ஆரோ உங்களை நினைக்கினம். அந்தக் கார்க்காரன்தான்" என்று சிரித்தாள்.

நான் மேசையில் அடித்தேன். கோபம் வந்தால் மேசையில் அடிக்கிற ஆள் நான். அவள் அதையும் கோபமென்றே எடுத்துக்கொண்டாள். "விடுங்கோப்பா, சனம் பாக்குது."

கடைக்காரி எட்டிப் பார்த்து என்னிடம் கேட்டாள்: "கேன் டு ஸ்னாக்கே?" கதைக்க முடிகிறதா என்று. டேனிஷ் கதைப்பாயா என்று இந்த நாட்டில் எங்களை எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்! மனைவி இதையும் அப்படித்தான் விளங்கிக்கொண்டாள். முகம் சிவந்துவிட்டது. அவர் நன்றாகக் கதைப்பார், நாங்கள் இருபது வருடமாக இங்கேதான் இருக்கிறோம் என்று டேனிஷில் விறைப்பாகப் பதில் சொன்னாள்.

எனக்குக் காது இரைந்தது. கண்ணாடிப் பெட்டியின் வெளிச்சம் மங்கியது. இரண்டு பெண்கள் பக்கத்தில் நின்று என்னைப் பற்றிக் கதைக்க, நான் செத்துக்கொண்டிருந்தேன். அதைச் சொல்ல என்னிடம் ஒரு சத்தம்கூட இல்லை.

கடைக்காரி வாதாடவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி ஓடி வந்து மனைவியைத் தோளால் தள்ளினாள். என்னைக் குனியவைத்து முதுகில் ஓங்கி அறைந்தாள். "ஐயோ, ஏன் அடிக்கிறாய்?" என்று மனைவி அவள் கையில் தொங்கினாள். உதறிவிட்டு, பின்னாலிருந்து என்னைக் கட்டிப்பிடித்து, வயிற்றில் கைமுஷ்டியை வைத்து மேல்நோக்கி இழுத்தாள். மறுபடியும் இழுத்தாள். பாண் கட்டி தரையில் விழுந்தது. மூச்சு கிழித்துக்கொண்டு உள்ளே போனது.

அப்போதுதான் மனைவிக்கு விளங்கியது. நிலத்தில் குந்தி அழுதாள். கடைக்காரி தந்த தண்ணீரைக் குடித்தேன். நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகப் பார்த்தேன். கடைக்காரி விடவில்லை. உன் வயிற்றை நசுக்கியிருக்கிறேன், டாக்டரிடம் காட்டிவிட்டுப் போ என்று அதட்டினாள். போனேன். விலா கன்றியிருந்தது, வேறொன்றுமில்லை.

இப்போது எங்கள் ஆட்களின் விருந்துகளில் யாருக்காவது தொண்டையில் அடைத்து, நாலு கைகள் அவர் தலைக்குப் போனால் நான் எழும்பிக் கத்துவேன்: "தலையை விடுங்கோ! முதல்ல அந்த ஆளைக் கதைக்கச் சொல்லுங்கோ!" அந்த ஆள் இருமினால் மூச்சுப் போகிறது என்று உட்கார்ந்துவிடுவேன். சனம் என்னை விசரன், பைத்தியக்காரன் என்கிறது. சொல்லட்டும். ஆட்கள் சுற்றி நிற்கும்போதே ஒருவன் சத்தமில்லாமல் செத்துப்போகலாம் என்று அந்த மேசையில் அறிந்தவன் நான். அந்தப் பயம் இன்னும் போகவில்லை, போகவும் வேண்டாம்.