பிளாஸ்கில் கொண்டுபோன கட்டி

போன செவ்வாய்க்கிழமை பாக்கியம் மதினியைப் பார்க்கப் போனேன். பெரியப்பா மகன் அண்ணாச்சியின் பெண்டாட்டி. முப்பத்திநாலு வயசு. கட்டிலில் சாய்ந்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

போன வருஷம் மார்பில் கட்டி. நம்ம ஊரில் முதல் வைத்தியம் என்ன? கோயில் புற்றுமண்தான். ஆறு மாசம் பூசினார்கள். டாக்டரிடம் போகும்போது கட்டி எலுமிச்சங்காய் அளவு.

கட்டியை எடுத்த டாக்டர் ஒன்று சொன்னார். சில புற்றுநோய், பெண் உடம்பில் ஊறும் ஹார்மோனைத் தின்று வளருமாம். சிலது அதைச் சட்டையே செய்யாதாம். முதல் வகை என்றால் சினைப்பையை எடுத்தால் கட்டுப்படும். இரண்டாவது என்றால் எடுப்பது வீண்.

மதினிக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம். பிள்ளை இல்லை. சினைப்பையை எடுத்தால் அந்த ஆசையும் போச்சு... எந்த வகை என்று தெரிய வேண்டாமா?

புது டெஸ்டாம். ஒரு துண்டு பிளாஸ்க் ஐஸிலேயே மதுரை லேபுக்குப் போகணும், அங்கிருந்து மெட்ராசுக்கு. மீதிக் கட்டி பார்மலின் மருந்து பாட்டிலில். இரண்டையும் நான்தான் கொண்டுபோனேன்.

சித்திரை வெயில். ராஜபாளையத்தில் பஸ் படுத்துவிட்டது. இரண்டு மணி நேரம் கழித்துப் பிளாஸ்கைத் திறந்தால் வெறும் தண்ணீர். துண்டு கெட்டுப்போகுமே! எடுத்து மருந்து பாட்டிலில் போட்டேன். என் சமர்த்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மதுரை லேப்காரர் கோபப்படவில்லை. "மருந்துல போட்டுட்டீங்களே சார். கட்டி எவ்வளவு பெரிசு, எவ்வளவு வேகமா வளருதுன்னு சொல்லிடலாம். ஹார்மோன் டெஸ்ட் மட்டும் இனி வராது."

அரைகுறையாகத் தெரிந்தவன் அக்கறையோடு செய்கிற காரியம் இருக்கிறதே... எதிரிகூட அப்படிச் செய்யமாட்டான்.

டாக்டர் இருட்டில் கைவைத்த மாதிரி சினைப்பையை எடுத்தார். முதல் வகைதான் என்று டெஸ்ட் சொன்னதாக அண்ணாச்சியும் நானும் மதினியிடம் சொல்லியிருந்தோம். இல்லாவிட்டால் சம்மதிக்கமாட்டார்கள். அஞ்சாம் மாசம் இருமல் வந்தது. நுரையீரல்.

செவ்வாய்க்கிழமை மதினி கேட்டார்கள்: "பிள்ளை ஆசையையும் விட்டுட்டுத்தான எடுக்கச் சொன்னேன். பெறகும் வந்துட்டே தம்பி... டெஸ்டு தப்பாச் சொல்லுமா?"

மெஷின்தானே மதினி, சில நேரம் தப்பும் என்றேன்.

வாராவாரம் பேப்பரில் நான் எழுதும் இந்தப் பக்கத்தை முதலில் வாசிப்பது மதினிதான். பத்து நாளாக எழுத்து கலங்குதாம், பேப்பரைத் தொடுவதில்லை.

அதனால்தான் இதை எழுத முடிந்தது.