‘தெரியாது’ சொல்லப் பழகிய பைலட்

கண்டமங்கலத்தில் கண்ணையன் மாமாவிடமிருந்து ‘தெரியாது’ என்ற பதிலை யாரும் வாங்கியது கிடையாது. வழி கேட்டாலும் சரி, வயிற்றுவலிக்கு மருந்து கேட்டாலும் சரி, அடுத்த மாதம் மழை எப்படி என்று கேட்டாலும் சரி, “அதாவது...” என்று ஆரம்பித்துவிடுவார். இரண்டு வருடத்துக்கு முன்பு திருக்கோவிலூர்க்காரர்கள் காரை நிறுத்தி இரும்பை சிவன் கோயிலுக்கு வழி கேட்டார்கள். மாமா எங்கே திரும்ப வேண்டும், எங்கே வேகத்தடை என்பது வரைக்கும் விளக்கி அனுப்பினார். கார் திண்டிவனத்துக்குப் போய்ச் சேர்ந்தது. சாமி பார்த்துவிட்டுத் திரும்பும்போது அவர்கள் சண்டைக்கு வந்தார்கள். மாமா கொஞ்சமும் அசரவில்லை. திண்டிவனத்தில் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அக்கறையாக விசாரித்தார்.

அவர் வீட்டுக்கு எதிரில்தான் என் ஜெராக்ஸ் கடை. அவருடைய ஒரே மகள் கலைப்பிரியா ஆறாம் வகுப்பிலிருந்து என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். நான் ஜெராக்ஸ் மெஷினைப் படித்துக்கொண்டேன், அவள் விமானம் ஓட்டப் படித்துக்கொண்டாள். லைசென்ஸ் வாங்கி வந்த அன்றைக்கு ஊரில் பேனர் வைத்தார்கள். பேனரில் அவள் படத்தைவிட மாமா படம்தான் பெரிது. லைசென்ஸ் வந்தால் மறுநாளே விமானம் ஓட்டலாம் என்று ஊர் நினைத்தது. ஏதாவது ஒரு கம்பெனி வேலைக்கு எடுத்தால்தான் ஓட்ட முடியும் என்பது எங்களுக்கே அப்புறம்தான் தெரிந்தது. பேனர் கிழிந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. அவள் பாண்டிச்சேரியில் ஓர் ஆபீசில் போன் எடுத்துக்கொண்டிருந்தாள்.

எழுத்துத் தேர்வெல்லாம் அவளுக்கு அல்வா சாப்பிடுவது மாதிரி. நேர்காணலில்தான் இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். மூன்று பேர் எதிரே உட்கார்ந்து, இறக்கையிலிருந்து இன்ஜின் வரைக்கும் குடைவார்களாம். மூன்றாவது கம்பெனியிலிருந்து கடிதம் வந்தபோது இருபது நாள் அவகாசம் இருந்தது. அதைப் பிரிண்ட் எடுக்க வந்தவள், சிரித்துக்கொண்டே, “இதுவும் போச்சுன்னா விட்டுடப் போறேன்டி அருணா” என்றாள். அவள் சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை. ஒன்பதாம் வகுப்பிலேயே நோட்டு அட்டையில் விமானம் வரைந்தவள், விட்டுவிடுகிறேன் என்று சொல்வதைக் கேட்க மனசு ஒப்பவில்லை.

போன இரண்டு முறை என்னதான் நடந்தது என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்ன பதிலில்தான் விஷயமே இருந்தது.

“ஒண்ணுக்குக்கூட தெரியாதுன்னு சொல்லலடி. கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லிக்கினேதான் இருந்தேன். அப்பவும் எடுக்கல.”

அன்றைக்கே முந்நூற்று நாற்பது பக்கக் கேள்வி பதில் ஒன்றைப் பிரிண்ட் போட்டுக் கையில் வைத்துக்கொண்டேன். ஆபீஸ் விட்டு பஸ் இறங்கியதும் நேராகக் கடைக்கு வருவாள். ஆதார் ஜெராக்ஸுக்கு ஆள் இல்லாத நேரத்தில் நான் கேள்வி கேட்பேன். எனக்கு விமானம் தெரியாது. ஆனால் கலைப்பிரியாவைத் தெரியும்.

வி ஒன் என்றால் என்ன என்று கேட்டால், ஓடுபாதையில் அந்த வேகம் வருவதற்கு முன்னால் இன்ஜின் கெட்டால் நிறுத்தலாம், தாண்டிவிட்டால் தூக்கித்தான் ஆகவேண்டும் என்று இரண்டு வரியில் முடிப்பாள். இறக்கையில் பனி படிந்தால் என்ன செய்வாய் என்றும் கேட்டேன். முதுகை நிமிர்த்திக்கொண்டு, “பேசிக்கலி...” என்று தொடங்கினாள். நான்கு நிமிடம் பேசினாள். நடுவில் இரண்டு பேர் வந்து ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போயும்விட்டார்கள். விடையைப் புரட்டிப் பார்த்தால் அவள் சொன்னதற்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்தி கூட இல்லை. அப்பாவின் ‘அதாவது’ மகளிடம் இங்கிலீஷில் ‘பேசிக்கலி’ ஆகியிருந்தது. கையை நீட்டும் தோரணை மட்டும் அப்படியே அவர்தான்.

மறுநாளிலிருந்து ஸ்டேப்ளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். ‘பேசிக்கலி’ வந்தால் டக்கென்று ஓர் அமுக்கு. முதல் வாரத்தில் ஒரு பெட்டி பின் தீர்ந்தது. தெரியாது என்ற ஒரு வார்த்தையை அவள் வாயிலிருந்து வரவழைக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. “இப்பதான் படிச்சேன்” என்பாள். “நாக்கு நுனியில கீது” என்பாள். கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிப் பழகு என்று ஸ்டூலில் உட்கார வைத்தேன். பட்டா மாற்ற எந்த பாரம் என்று ஒருவர் கேட்டார். தெரியாது என்று சொல்லவேண்டியவள், அவருக்குத் தாலுகா ஆபீசில் எந்த ஜன்னலுக்குப் போகவேண்டும் என்பது வரைக்கும் சொல்லி அனுப்பி வைத்தாள். ரத்தம் சும்மா விடுமா?

பன்னிரண்டாம் நாள் ஒருவழியாக, “எனக்குத் தெரியாது” என்று தெளிவாகச் சொன்னாள். அந்த நேரம் பார்த்துக் கண்ணையன் மாமா கடை வாசலில் நின்றிருந்தார். அவர் முகம் சுருங்கிவிட்டது.

“இரநூறு பேர ஏத்திக்கினு போவப் போறவ தெரியாதுன்னு சொன்னா எவன் ஏறுவான்?” என்று என்னைத்தான் கேட்டார்.

எனக்கும் கோபம் வந்துவிட்டது. “தெரியாதத தெரியும்னு சொன்னா எங்க போயி எறங்குவாங்க மாமா? திண்டிவனத்துலயா?”

கலைப்பிரியா தலையைக் குனிந்துகொண்டாள். சிரித்தாளா அழுதாளா தெரியாது. மாமா அதற்குப் பிறகு என் கடைப் பக்கம் திரும்பவில்லை. அவருக்கு வலித்திருக்கும். பெரியவரிடம் அப்படிப் பேசியிருக்கக்கூடாது என்று எனக்கும் பிறகு உறைத்தது.

நேர்காணலுக்கு அவள் விழுப்புரத்தில் ரயில் ஏறி, சென்னையிலிருந்து டெல்லிக்கு விமானத்தில், பயணியாக, போய்வந்தாள். நடந்ததைக் கடையில் உட்கார்ந்து சொன்னாள். முதல் அரைமணி நேரம் நன்றாகத்தான் போயிற்றாம். பிறகு நரைத்த மீசைக் கேப்டன் ஒருவர் இன்ஜினுக்குள் இருக்கும் ஏதோ ஒரு வால்வைப் பற்றிக் கேட்டாராம். இவள் முதுகை நிமிர்த்தி ‘பேசிக்’ வரைக்கும் போய்விட்டாளாம். டக்கென்று காதுக்குள் ஸ்டேப்ளர் சத்தம். நிறுத்திவிட்டு, தெரியாது சார், ஊகமாகச் சொல்ல விரும்பவில்லை, எந்தப் புத்தகத்தில் பார்க்கவேண்டும் என்பது தெரியும் என்றாளாம். அவர் தலையைத் தூக்காமல் எதையோ எழுதிக்கொண்டாராம். இன்னொரு கேள்விக்கும் அதே பதில்.

“ரெண்டு தடவ சொல்லிட்டேன்டி” என்றாள். என்னால்தான் கெட்டுப்போயிற்றோ என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வீட்டுக்குப் போய் அப்பாவிடமும் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறாள்.

ஒன்பது நாள் ஆயிற்று. டீக்கடையில் யார் என்ன கேட்டாலும் மாமா கிளாசைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்பெல்லாம் மகள் எந்த நிறச் சட்டை போடுவாள், வேர்க்கடலை விளையும் எங்கள் மல்லாட்டைக் கொல்லைக்கு மேலே எத்தனை மணிக்குப் பறப்பாள் என்று டைம்டேபிளே சொன்னவர். பத்தாம் நாள் ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். அந்தக் கார்டுக்கு நானே ஏற்கெனவே நாலு காப்பி போட்டுக் கொடுத்திருக்கிறேன். எதற்கு வந்தார் என்று புரிந்தது. நானே கேட்டேன்.

“மாமா, கெடச்சிடுமா?”

“அதாவது...” என்று ஆரம்பித்தார். கைகூடப் பாதி நீண்டது. நான் ஸ்டேப்ளரைத் தொடக்கூட இல்லை. அவராகவே நிறுத்திக்கொண்டார்.

“தெரியலம்மா. பயமா கீது.”

அவரை அறிந்த நாளாக அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை. கண் கலங்கிவிட்டது எனக்கு. அன்றைக்குச் சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் மாமா என்றேன். நீ சொன்னது சரிதான் என்று முனகிவிட்டு, நாலு காப்பி இருந்தும் ஐந்தாவதை எடுத்துக்கொண்டு போனார்.

இரண்டு நாள் கழித்து மெயில் வந்தது. எடுத்துக்கொண்டார்கள். அதை நான்தான் பிரிண்ட் போட்டேன். அவசரத்தில் முதல் தாளைத் தலைகீழாக ஸ்டேப்ளர் அடித்துவிட்டேன், கலைப்பிரியா அதையேதான் வேண்டும் என்று வாங்கிக்கொண்டாள். இப்போது ஹைதராபாத்தில் பயிற்சியில் இருக்கிறாள்.

மாமாதான் ஒரேயடியாக மாறிவிட்டார். யார் எதைக் கேட்டாலும் தெரியாது என்கிறார், அதுவும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கார் வந்து இரும்பைக்கு வழி கேட்டது. “எனக்குத் தெரியாதுங்க” என்று உரக்கச் சொல்லி அனுப்பினார். எனக்குப் பொறுக்கவில்லை. திண்டிவனத்துக் கூத்து நடந்த மறுவாரமே அவர் யாருக்கும் சொல்லாமல் மொபெட்டில் இரும்பைக்குப் போய் வழியைப் பார்த்துவிட்டு வந்தது எனக்குத் தெரியும். உங்களுக்குத்தான் வழி தெரியுமே மாமா, ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

“தெரியும்தான்” என்றார். “தெரியாதுன்னு சொல்றப்ப பாப்பா பக்கத்துல இருக்கிற மாதிரி இருக்குதும்மா.”

அதற்கு மேல் அவரை நான் ஒன்றும் கேட்கவில்லை. கார் இன்னும் திரும்பாமல் வேகத்தடைக்கிட்டேயே நின்றிருந்தது. கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிப் போய் வழி சொல்லிவிட்டு வந்தேன்.