சாரத்தின் கீழ் பதின்மூன்று ஜோடி

செய்தி வாட்ஸ்அப்பில் வந்தது. காண்ட்ராக்டர்கள் குழுவில், கம்பி விலைக்கும் யாரோ அனுப்பிய காலை வணக்கத்துக்கும் நடுவில். 'இன்சூரன்ஸ் அருளப்பன் சார் காலமானார்.' அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் படித்தார்.

"யாரு போட்டது?"

"பெயிண்ட் கடை சேகர் அண்ணன்."

"அவன் சொல்றதை வச்சு நம்ப முடியாது. இன்னும் ரெண்டு பேர்கிட்ட கேளு."

மூன்று பேரிடம் கேட்டேன். மூன்றாமவர் அந்த வீட்டு வாசலில் நின்றபடியே பேசினார். பின்னால் ஜெபம் கேட்டது. அதன் பிறகுதான் அப்பா உட்கார்ந்தார். அருளப்பன் சாரும் இப்படித்தான் செய்திருப்பார். ஒரே ஒரு ஆள் சொன்னதை அவர் எப்போதும் நம்பியதில்லை.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். சாரம் கட்டுகிறவர்கள், ஆழ்துளை போடுகிறவர்கள், புகைபோக்கிக்கு வர்ணம் அடிக்கிறவர்கள். மற்ற ஏஜெண்டுகள் தயங்கும் தொழில்கள். வேலையில் ஆள் விழுந்தால் முதலாளி தரவேண்டிய இழப்பீட்டை இன்சூரன்ஸ் கம்பெனி தரும் பாலிசி. அதை நமக்கு எழுதித் தந்தவர் அவர். பொன்மலையிலிருந்து பழைய ஸ்கூட்டரில் வருவார். சொல்லிவிட்டு வந்ததில்லை. உங்களில் பலருக்கு அவரைப் பிடிக்காது. எனக்கும் பிடித்ததில்லை. அதை மறைத்து இந்த அஞ்சலியை எழுதினால், முதலில் சந்தேகப்படுகிறவர் அவராகத்தான் இருப்பார்.

ஸ்ரீரங்கத்தில் எங்களுக்குச் சாரம் கட்டும் தொழில். ஆட்களை அப்பா பார்ப்பார். எம்.ஏ. முடித்துவிட்டு வீட்டில் இருந்த நான் காகிதங்களைப் பார்த்தேன். தில்லை நகரில் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று கிடைத்தது. பாலிசி நகல் இல்லாமல் வேலையைத் தொடங்கக் கூடாது என்றார் அங்கிருந்த என்ஜினியர். படிவத்தை நான்தான் நிரப்பினேன். ஆட்கள்: எட்டு. தொழில்: பெயிண்டர்.

ஆட்கள் பதின்மூன்று பேர். ஒருவரும் பெயிண்டர் இல்லை. வர்ணம் அடிக்கத்தானே சாரம், ஆகவே சாரம் கட்டுகிறவனும் பெயிண்டர்தான். இது எங்கள் தர்க்கம். தொழிலில் எல்லோருக்கும் இதே தர்க்கம்.

அருளப்பன் சார் படிவத்தைப் பார்க்கவில்லை. கட்டடத்துக்கு வந்து தரையைப் பார்த்தார். எங்கள் ஆட்கள் வெறுங்காலில்தான் ஏறுவார்கள், கால்விரல் கழியைப் பிடிக்கவேண்டும். செருப்புகள் சாரத்தின் கீழே கிடக்கும். பேனா முனையால் ஒவ்வொன்றாகக் காட்டி எண்ணினார்.

"பாப்பா, எட்டுன்னு எழுதியிருக்க. பதிமூணு ஜோடி கிடக்கு."

"பக்கத்து வேலைக்காரங்களோடதும் இருக்கும் சார்."

"இருக்கும், இருக்கும். எல்லாரும் நல்லவங்கதான். அதனாலதான் எண்ணிப் பாக்குறேன்."

நாளையும் வருவார் என்று எனக்குத் தெரியும். மறுநாள் ஆட்கள் ஏறியதும் ஐந்து ஜோடிகளைப் பொறுக்கி, கயிறு வைக்கும் சாக்கில் போட்டுக் கட்டினேன். வந்தார். எட்டு ஜோடி. ஒரு டீ வாங்கிக்கொண்டு செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்தார். ஒரு மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தார்.

சாப்பாட்டுக்குப் பதின்மூன்று பேரும் இறங்கினார்கள். ஐந்து பேர் சிமெண்ட் தரையில் கால் மாற்றிக் குதித்தபடி செருப்பைத் தேடினார்கள்.

"அஞ்சு பேரு வெறுங்கால்லயேவா வேலைக்கு வந்தீங்க? திருச்சி வெயில்லயா?"

"அக்கா சாக்குல போட்டுக் கட்டி வச்சிருக்காங்க சார்," என்றான் மாரிமுத்து. மண்ணச்சநல்லூர்ப் பக்கத்து ஆள். இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன். எல்லோரும் சிரித்தார்கள். அருளப்பன் சார் சிரிக்கவில்லை. மாரிமுத்துவிடம் பெயரைக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார்.

அப்பா மன்றாடிப் பார்த்தார். "உள்ளதை உள்ளபடி எழுதினா பிரீமியம் பல மடங்கு சார். அதையும் சேத்து கொட்டேஷன் குடுத்தா, பாலிசியே போடாதவன் வேலையைத் தூக்கிட்டுப் போயிடுவான்."

"நெசந்தாங்க."

"நெசம்னா கொஞ்சம் விட்டுக்குடுங்களேன்."

"விட்டுக்குடுத்துட்டேன். வேற ஏஜெண்டைப் பாருங்க." படிவத்தை என்னிடம் நீட்டினார். "காகிதம் விழாது பாப்பா. ஆள்தான் விழுவான்."

தலை கூடினால் கமிஷன் கூடும், அதற்குத்தான் இவ்வளவும் என்று நினைத்தேன். வேறொரு ஏஜெண்ட், ஓட்டல் மேஜையில், காபி ஆறுவதற்குள் எழுதிக் கொடுத்தார். எட்டு பெயர்கள். பெயிண்டர்.

அந்த மாதமே சாரத்தின் கயிறு நழுவியது. மூன்றாம் தட்டிலிருந்து மாரிமுத்து விழுந்தான். உயிர் தப்பியது. இடுப்பு எலும்பு உடைந்து ஒரு கால் குட்டையானது.

இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து விசாரித்துவிட்டுப் போனார். விழுந்தவர் பெயர் பட்டியலில் இல்லை. வேலையும் பாலிசியில் சொன்ன வேலை இல்லை. பணம் கிடையாது. மாரிமுத்து தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்தான். ஓட்டல் மேஜை ஏஜெண்ட் வீட்டுக்கு வந்து வழி சொன்னார்: "அந்த ஆள் எங்க ஆளே இல்லைன்னு சொல்லிடுங்க. பேர் எதுலயும் இல்லையே. அப்புறம் என்ன?"

அப்பா அவருக்குக் காபி போடச் சொன்னார். நான் போட்டுக் கொடுத்தேன். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

மறுநாள் காலை எங்கள் வாசலில் ஸ்கூட்டர் நின்றது. அருளப்பன் சார் உள்ளே வரவில்லை. நோட்டைப் பிரித்துக் காட்டினார். தேதி. பதின்மூன்று ஜோடி. மறுநாள் எட்டு, ஐந்து சாக்கில். கீழே மாரிமுத்துவின் பெயர்.

"லேபர் ஆபீஸ்ல கூப்பிட்டுக் கேட்டா இதைச் சொல்லுவேன்."

"மிரட்டுறீங்களா?" என்றார் அப்பா.

"ஆமாங்க."

அடுத்து என்ன கேட்பார் என்று காத்திருந்தேன். தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டுப் போய்விட்டார்.

தொழிலாளர் அலுவலகத்தில் அப்பா, "எங்க ஆள்தான்," என்றார். எங்களிடம் இருந்த லாரியை விற்று இழப்பீட்டைக் கட்டினோம். அதன் பிறகு இரண்டு வருடம் ஒற்றை மாடி வீடுகள்தான். அந்த இரண்டு வருடமும் எனக்கு ஒரு சந்தேகம். கம்பெனிக்குத் துப்புக் கொடுத்தது அருளப்பன். மாரிமுத்துவை மனு போடச் சொன்னதும் அவர்தான். பாலிசியை வேறு இடத்தில் போட்ட கோபம்.

சாவுச் செய்தி வந்த அன்றும் அந்தச் சந்தேகத்தோடுதான் பொன்மலையில் அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் செருப்புகள். உள்ளே போகாமல் நின்று எண்ணினேன். ஏன் என்று தெரியவில்லை. இருபத்தாறாவது ஜோடியில் இடது செருப்பின் அடி மட்டும் மூன்று விரல் தடிமன்.

உள்ளே மாரிமுத்து பெஞ்சில் நகர்ந்து எனக்கு இடம் விட்டான். பிரேதப் பெட்டி நான்கடி தள்ளி இருந்தது. அங்கேயும் கேட்டேன்.

"சார்தானே உன்னை மனு போடச் சொன்னாரு?"

"அவரா? நல்லா சொன்னீங்க போங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "ஆஸ்பத்திரிக்கு வந்து, நெசமா விழுந்தியா, குடிச்சிருந்தியான்னு கேட்டாருக்கா. அப்புறம் வீட்டுக்கு வந்து வாசல்ல நடக்கச் சொல்லிப் பாத்தாரு. நொண்டுறேனா நடிக்கிறேனான்னு."

"கம்பெனிக்காரங்களுக்கு யார் சொன்னது?"

"நான்தான். என்ன வேலை பாக்குறேன்னு கேட்டாங்க. சாரம் கட்டுறேன்னு சொன்னேன். அதுதானேக்கா என் வேலை?"

இரண்டு வருடமாக இது எனக்குத் தோன்றவே இல்லை. விழுந்தவனை எல்லோரும் விசாரித்தார்கள். நான் மட்டும் அவனிடம் எதுவும் கேட்டதில்லை.

அவரைப் புகழ எனக்கு வரவில்லை. அவர் எங்கள் பக்கம் இல்லை. மாரிமுத்துவின் பக்கமும் இல்லை. எண்ணியதை எண்ணியபடி சொன்னார், அவ்வளவுதான். இப்போது படிவத்தில் சாரம் என்று எழுதுகிறேன், இருக்கிற தலைகளை எழுதுகிறேன். நாங்கள் கொடுக்கும் கொட்டேஷன்களில் பாதி திரும்பி வருகின்றன. அப்பா முணுமுணுக்கிறார்.

அவரிடமிருந்து என்னிடம் தங்கியது ஒரு பழக்கம். மாலை ஐந்தரைக்கு வேலை முடியும். "எல்லாரும் இறங்கியாச்சும்மா, வா போகலாம்," என்று அப்பா வண்டியிலிருந்து கூப்பிடுவார். நான் நம்புவதில்லை. சாரத்தின் கீழே குனிந்து, ஒரு ஜோடியும் இல்லை என்று பார்த்த பிறகுதான் கிளம்புகிறேன்.